கருப்பு உடையும் காலா என்னும் பெயரும்: திரைநாயகன் உடையமைப்பில் பண்பாட்டுக் குறிகளும் மொழிபெயர்ப்புச் சிக்கலும்

1. நோக்கம்

திரைப்பட நாயகனின் உடை கண்ணுக்கு விருந்தாக மட்டும் அமைவதில்லை. அது படிக்கப்படவும் செய்கிறது. அதன் நிறம், வெட்டு, கட்டும் முறை ஆகிய ஒவ்வொன்றும் பார்ப்பவரின் மொழியிலும் வரலாற்றிலும் முன்னரே நிலைபெற்ற பொருளைத் துணையாகக் கொண்டே இயங்குகின்றன. ஆகவே ஒரு படம் வேற்றுமொழிக்குச் செல்லும்போது உரையாடல் பெயர்க்கப்படுகிறது. உடை பெயர்க்கப்படாமல் அப்படியே செல்கிறது. பெயர்க்கப்படாத அவ்வுடை புதிய மொழிச் சூழலில் எவ்வாறு படிக்கப்படுகிறது என்பது மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் கருதவேண்டிய ஒன்றாகும்.

இச்சிக்கலை விளக்க, பா. இரஞ்சித் இயக்கத்தில் இரஜினிகாந்த் நடித்து 2018 ஜூன் 7 அன்று வெளிவந்த ‘காலா’ என்னும் படத்தை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. மும்பையின் தாராவியைக் களமாகக் கொண்டு, தமிழில் எடுக்கப்பட்டு, தெலுங்கிலும் இந்தியிலும் குரல்மாற்றம் செய்யப்பட்ட படம் இது. தமிழ், இந்தி, மராத்தி ஆகிய மூன்று மொழிகள் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊரைப் பற்றிய படமாதலின் ஒரே உடை மூன்று வகையாகப் படிக்கப்படும் நிலை இதில் தெளிவாகப் புலப்படுகிறது.

2. உடை ஒரு குறித்தொகுதி

2.1. உடையைக் குறியாகக் கருதும் ஆய்வு புதியதன்று. பியோத்தர் பொகாதிரெவ் 1937இல் மொராவிய-சுலோவாக்கிய நாட்டுப்புற உடைகளை ஆராய்ந்து, ஓர் உடைக்குப் பயன்பாட்டுப் பணியோடு சமூக நிலை, சமயம், வட்டாரம், வயது முதலியவற்றைச் சுட்டும் பணிகளும் உண்டு எனக் காட்டினார். ரோலான் பார்த் 1967இல் வெளியிட்ட நூலில் உண்மையான உடை, படத்தில் காட்டப்பெறும் உடை, எழுத்தில் விவரிக்கப்பெறும் உடை என மூன்றைப் பிரித்தறிந்தார். மூன்றாவது வகையே உடைக்குப் பொருளை வரையறுத்துத் தருகிறது என்பது அவர் கருத்து. திரைப்படத்தில் இப்பணியை உரையாடலும் தலைப்பும் செய்கின்றன எனலாம். கருப்பு உடை திரையில் தோன்றுவது ஒன்று. அக்கருப்பு இன்ன பொருளது என்று பாத்திரம் சொல்வது மற்றொன்று.

ரோமன் யாக்கப்சன் 1959இல் மொழிபெயர்ப்பை மொழியகப் பெயர்ப்பு, மொழியிடைப் பெயர்ப்பு, குறித்தொகுதியிடைப் பெயர்ப்பு என மூன்றாகப் பகுத்ததும் ஈண்டு நினைக்கத்தக்கது. குரல்மாற்றப் படத்தில் மொழியிடைப் பெயர்ப்பு மட்டுமே நிகழ்கிறது. சொல்லுக்கும் உடைக்கும் இடையே மூலத்தில் இருந்த இணைப்பு அறுபடுகிறதா, நிலைக்கிறதா என்பது எவர் பொறுப்பிலும் விடப்படுவதில்லை.

2.2. மீநாயகன் என்னும் பாத்திர வகைக்கு இலக்கணம் வகுத்த பீட்டர் கூகன் (2006) மூன்று கூறுகளைச் சுட்டுகிறார்: பிறர்நலப் பணி, மேம்பட்ட ஆற்றல், அடையாளம். இம்மூன்றனுள் அடையாளம் என்பது புனைபெயரும் உடையும் சேர்ந்தது. 1938இல் தோன்றிய சூப்பர்மேன் முதலாக இவ்விரண்டும் ஒன்றையொன்று விளக்கி நிற்கின்றன. உடையைக் கண்டால் பெயர் நினைவுக்கு வரும், பெயரைக் கேட்டால் உடை கண்முன் வரும். தாராவியின் கரிகாலனுக்குப் பறக்கும் ஆற்றல் இல்லை. எனினும் அவன் ‘காலா’ என்னும் புனைபெயரால் அழைக்கப்படுகிறான். அப்பெயரின் பொருளையே உடுத்துகிறான். இவ்வகையில் அவனை மீநாயக மரபோடு ஒப்புநோக்குவதில் தவறில்லை.

2.3. அதே 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த ‘பிளாக் பேந்தர்’ என்னும் அமெரிக்கப் படம் நல்ல ஒப்பீடாகும். ரையன் கூக்ளர் இயக்கிய அப்படத்தின் உடையமைப்பாளர் ரூத் கார்ட்டர் 2019இல் அதற்காக ஆஸ்கார் விருது பெற்றார். அரசி ரமோண்டாவின் தலையணி, மணமான சூலு மகளிர் அணியும் தொப்பியின் வடிவைத் தழுவியது. எல்லைக் குடியினர் போர்த்தும் துணி லெசோத்தோ நாட்டுப் பசோத்தோ மக்களின் கம்பளி. இக்குறிகள் அவ்வப் பண்பாட்டினர்க்கு நேரே விளங்குவன. ஏனையோர்க்கு ‘ஆப்பிரிக்கா’ என்னும் பொதுப்பொருளை மட்டுமே தருவன. ஒரே உடையில் அகத்தார்க்கு ஒரு பொருளும் புறத்தார்க்கு வேறு பொருளும் அமையும் இந்நிலையே ‘காலா’விலும் காணப்படுவது.

3. களம்

தாராவித் தமிழருள் பெரும் பகுதியினரின் முன்னோர் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்தவர்கள். தோல் பதனிடும் தொழில் அவர்களை ஈர்த்த முதன்மைத் தொழில்களுள் ஒன்று. படத்தில் காலாவின் மனைவி செல்வி பேசும் திருநெல்வேலி வட்டார வழக்கு இவ்வரலாற்றுக்கு இயைந்ததாகும். தாராவி நிலத்தைத் ‘தூய்மைப்படுத்தி’ மாற்றியமைக்க முயலும் அரசியல் தலைவர் ஹரிதேவ் அப்யங்கருக்கும், நிலம் உழைப்பவரது உரிமை என்னும் கரிகாலனுக்கும் இடையிலான போராட்டமே படத்தின் கதை.

மும்பைத் தமிழருக்கு இது வெறுங்கதையன்று. டிராம்பேயில் அணு ஆராய்ச்சி மையத்தின் அருகே இருந்த ஜனதா காலனி 1976 மே மாதத்தில், நெருக்கடி நிலைக் காலத்தில், இடித்து அகற்றப்பட்டது. அங்கு வாழ்ந்தோர் சீட்டா கேம்ப் என்னும் இடத்துக்குப் பெயர்க்கப்பட்டனர்; அவருள் தமிழர் பலர். வெளியேற்றத்தை எதிர்த்துப் போராடியவருள் முதன்மையானவர் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழரான ஜோக்கின் அற்புதம். பின்னாளில் 2000ஆம் ஆண்டு மகசேசே விருது பெற்ற அவர், ‘காலா’ வெளிவந்த 2018ஆம் ஆண்டிலேயே மறைந்தார். இடம்பெயர்க்கப்பட்டோரின் தெருக்களில் இன்று கேட்கும் தமிழில், ‘கிளீன் பண்ணினார்கள்’ என்னும் தொடர் குப்பையை அகற்றியதையும் குறிக்கலாம், வீட்டை இடித்ததையும் குறிக்கலாம். தூய்மை என்னும் சொல்லின் இவ்விருபொருளை அறியாமல் இப்படத்தின் வெள்ளையையும் கருப்பையும் படிக்க இயலாது.

4. பெயர்: காலா

4.1. ‘காலா’ என்பதைத் தமிழர் முதலில் கரிகாலன் என்பதன் சுருக்கமாகக் கேட்கின்றனர். கரிகாலன் என்னும் சோழன் பெயருக்கு இருவகை விளக்கம் வழங்குகின்றது. தீயில் கரிந்த காலை உடையவன் என்பது ஒன்று. பகைவரின் கரிகளாகிய யானைகளுக்குக் காலன் என்பது மற்றொன்று. இரண்டாவது விளக்கத்தில் எமன் என்னும் பொருள் வந்து சேர்கிறது. ஆகவே தமிழ்ச் செவியில் இப்பெயர் தரும் பொருள்கள் முறையே அரசன், கரிதல், இறப்பு என அமைகின்றன. நிறம் கரி என்னும் கூற்றின் வழியே உணரப்படுகிறது.

4.2. இந்திச் செவியில் நிலைமை தலைகீழாகிறது. அங்குக் ‘காலா’ என்பது அன்றாட நிறச்சொல். கருப்பு என்பதே அதன் முதற்பொருள். தோல் நிறத்தைச் சுட்டி இழித்துரைக்கவும் அச்சொல் பயன்படுகிறது. தமிழர் பெயரைக் கேட்டு நிறத்தை உணர்கின்றனர். இந்தி பேசுவோர் நிறத்தைக் கேட்ட பின்னரே அது பெயர் என்பதை உணர்கின்றனர். இந்திக் குரல்மாற்றப் படத்துக்குக் ‘காலா கரிகாலன்’ என்று தலைப்பை நீட்டியது இவ்வகையில் பொருத்தமான தீர்வாகும். நிறச்சொல்லை அடுத்து முழுப்பெயர் நிற்பதால் தலைப்பு ஒரு மனிதனைச் சுட்டுவதாகிறது.

4.3. மராத்தியில் கருப்பைக் குறிக்கும் சொல் ‘காளா’ என்று நாமடி ளகரம் பெறும். வடமொழியில் நிறத்தையும் காலத்தையும் குறிக்கும் இருசொற்கள் ‘கால’ என்று ஒரே வடிவின. இவற்றுள் நிறத்தைக் குறிக்கும் சொல் தமிழுக்கு வந்தபோது காளமேகம், காளி என ளகரம் பெற்றது. காலத்தையும் கூற்றுவனையும் குறித்த சொல் காலம், காலன் என லகரத்தோடு நின்றது. வடமொழியில் ஒலியால் ஒன்றாக இருந்த இரண்டைத் தமிழ் தன் ஒலியன் வேறுபாட்டைக் கொண்டு பிரித்துவைத்தது எனலாம். படத்தின் தலைப்போ மராத்தியின் ளகரத்தையும் தமிழின் பழைய ளகரத்தையும் விட்டு, இந்தியின் லகரத்தைக் கொண்டுள்ளது. தலைப்பு ‘காளா’ என்றிருப்பின் கரிகாலன், காலன் ஆகிய இரண்டோடும் உள்ள தொடர்பு அறுந்திருக்கும். நிறத்தையும் கூற்றுவனையும் சோழனையும் ஒரே வடிவில் கட்டிவைக்க லகரம் ஒன்றே இடந்தருகிறது. நாயகன் உடுத்தும் கருப்புக்கு முதல் உரை இத்தலைப்பே.

5. கருப்பு

5.1. கறுப்பு, கருப்பு என்னும் இருவடிவங்கள் பற்றி அறிஞரிடையே நெடுநாள் கருத்து வேறுபாடு உண்டு. வல்லின றகரம் பெற்றதே நிறத்துக்கு உரியது, கருப்பு என்பது பஞ்சத்தையும் கரும்பின் திரிபையும் குறிப்பது என்பர் ஒரு சாரார். எனினும் கரு, கருமை, கரிய என்னும் சொற்களோடு இயைந்து கருப்பு என்னும் வடிவமே இன்று பெருவழக்காயிற்று. இக்கட்டுரையும் அதனையே மேற்கொள்கிறது.

கறுப்பு, சிவப்பு என்னும் இருசொற்களையும் தொல்காப்பியர் உரியியலில் ஒருங்கே வைத்து, அவை வெகுளியை உணர்த்துவன என்றும், நிறத்தை உணர்த்தவும் உரியன என்றும் கூறுகிறார். சினப்பொருளை முன்வைத்து நிறப்பொருளைப் பின்வைக்கும் அவ்வரிசை குறிப்பிடத்தக்கது. நிறச்சொல்லும் உணர்ச்சிச் சொல்லும் தமிழில் எத்துணை நெருக்கமானவை என்பதற்கு அது சான்று. ‘காலா’வின் கருப்பும், இறுதிக் காட்சியில் அதனோடு சேரும் சிவப்பும் சினத்தின் நிறங்களாகத் தமிழர்க்குத் தோன்றுவது தற்செயலன்று.

5.2. கருமைக்கு உழைப்பு என்னும் பொருளைப் படம் வெளிப்படையாகவே தருகிறது. ஹரிதேவுடன் பேசும்போது கரிகாலன் கருப்பை உழைப்போடு இணைத்து உரைக்கிறான். இது இயக்குநர் புதிதாகப் படைத்த உவமை போலத் தோன்றலாம். ஆனால் தமிழில் இதற்குப் பழைய வேர் உண்டு. சங்க நூல்களில் கொல்லரையும் வினைஞரையும் குறிக்குமிடத்துக் ‘கருங்கை’ என்னும் தொடர் வருகிறது. வன்தொழில் செய்த வலிய கை என்பது அதற்கு உரைகாரர் கொள்ளும் பொருள். நிறம் இங்கு வலிமைக்கும் தொழிலுக்கும் அடையாகிறது. தோல் பதனிட்ட முன்னோரைக் கொண்ட தாராவித் தமிழரின் தலைவன் கருப்பு உடுத்துவதற்கு இச்சொல்லைவிடப் பொருத்தமான விளக்கம் தேடவேண்டுவதில்லை.

இதற்கு மாறாகக் கருப்புச் சந்தை, கருப்புப் பணம், கருப்புப் பட்டியல் ஆகிய இன்றைய தொடர்கள் ஆங்கிலத்தினின்று வந்த கடன்பெயர்ப்புகள். குற்றம் என்னும் பொருளைக் கருப்புக்கு இவை மிகுதியாக ஏற்றின. இத்தகைய தொடர்களைப் பெயர்த்துத் தமிழில் நிலைபெறச் செய்தவர்கள் இதழாளரும் மொழிபெயர்ப்பாளருமே. கள்ளச் சந்தை, கணக்கில் வராத பணம் என்று சொல்லவும் தமிழில் இடமுண்டு. நிறத்தின் மதிப்பு மாறியதில் மொழிபெயர்ப்புக்குப் பங்கு உண்டு என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

5.3. இருபதாம் நூற்றாண்டில் கருப்புச் சட்டை தமிழ்நாட்டில் அரசியல் குறியாயிற்று. 1946 மே மாதம் மதுரையில் கருப்புச் சட்டை மாநாடு கூடியது. 1948இல் சென்னை மாகாண அரசு கருஞ்சட்டைப் படையைத் தடைசெய்தது. திராவிடர் கழகக் கொடியில் கருப்பு நிலத்தின் நடுவே சிவப்பு வட்டம் அமைந்துள்ளது. கருப்பு திராவிடரின் இழிநிலையையும், சிவப்பு அதனை நீக்கும் உறுதியையும் குறிக்கும் என்பது இயக்கத்தார் தரும் விளக்கம்.

இங்கு ஒரு பொருள் மாற்றத்தைக் கருதவேண்டும். பெரியாரின் கருப்பு, ஒழிக்கப்பட வேண்டிய நிலை ஒன்றின் அறிவிப்பு. துயரைப் பிறர்க்குக் காட்டி அதனை நீக்கக் கோருவது. இரஞ்சித்தின் கருப்பு, நீக்கப்பட வேண்டியதன்று. உழைப்பின் பெருமையாகத் தாங்கப்படுவது. ஒரே நிறத்துணி, ஒரே எதிர்ப்பு மரபு. எனினும் இழிவின் குறியாக இருந்தது பெருமையின் குறியாக மாறியுள்ளது. ‘காலா’வின் கருப்பைத் ‘திராவிட இயக்கக் கருப்பு’ என்று மட்டும் கூறி நிறுத்துவது பாதி விளக்கமே.

6. வெள்ளை

6.1. ஹரிதேவ் வெள்ளை உடுத்துகிறான்; அவன் இல்லமும் வெண்மை மிக்கது. தமிழில் வெள்ளை மனம், வெள்ளந்தி ஆகியவை கள்ளமின்மையைக் குறிப்பன. அப்பொருளை ஹரிதேவின் உடை உரிமை கோருகிறது. தூய்மைத் திட்டம் என்னும் பெயரில் அவன் செய்யும் செயல் அதனை மறுக்கிறது. குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் இடையே ஏற்படுத்தப்படும் இப்பிளவே வெள்ளையைப் படத்தில் ஐயத்துக்கு உரியதாக்குகிறது.

6.2. படத்தின் இறுதிப் பகுதியில் ஹரிதேவின் இல்லத்தில் இராமாயணம் படிக்கப்படுவதும் தாராவி தாக்கப்படுவதும் மாறிமாறிக் காட்டப்படுகின்றன. காலாவின் மேசையில் புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ காணப்படுகிறது. 1946இல் வெளிவந்து, 1948இல் தடைசெய்யப்பட்டு, 1971இல் தடைநீக்கம் பெற்ற நூல் அது. இவற்றைக் கொண்டு வெள்ளை இராமனின் நிறம், கருப்பு இராவணனின் நிறம் என்று பலர் எளிதில் முடிவு செய்கின்றனர்.

காப்பிய மரபு இதற்கு இடந்தரவில்லை. இராமன் மரபுவழியே கருநிறத்தவன். கம்பனில் அவன் மேனி மேகத்தோடும் மையோடும் ஒப்புமை பெறுகிறது. ஹரி என்னும் பெயருக்குரிய திருமாலைத் தமிழர் மாயோன் என்று அழைத்ததும் அவனது கருநிறம் பற்றியே. பண்டரிபுரத்து விட்டலனை மராத்தியர் ‘சாவளா’ என்று கரிய நிறத்தால் அழைத்துப் பாடுகின்றனர். ஆகவே படத்தின் நிறப் பகுப்பு காப்பியத்தினின்று பெறப்பட்டதன்று. இருபதாம் நூற்றாண்டு அரசியல் மேடையினின்று பெறப்பட்டது. அடிக்குறிப்பில் ‘கருப்பு இராவணனின் நிறம்’ என எழுதும் மொழிபெயர்ப்பாளர் இல்லாத மரபு ஒன்றைப் படைத்தவராவார்.

6.3. மராத்தியச் சூழல் மேலும் ஒரு சிக்கலைத் தருகிறது. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அம்பேத்கர் பௌத்தம் தழுவியபோது அவரும் அவரைப் பின்பற்றியோரும் வெண்ணிற உடை அணிந்திருந்தனர். இன்றும் மகாராட்டிரப் பௌத்தருக்கு வெள்ளை, விழாவுக்கும் வழிபாட்டுக்கும் உரிய நிறம். கருப்பும் அங்கு ஒருமுகமானதன்று. மகர சங்கராந்தி அன்று மராத்தியப் பெண்கள் விரும்பிக் கருப்புச் சேலை உடுத்துகின்றனர். மங்கலநாணில் கருமணி கோக்கின்றனர். தமிழ் இந்துக் குடும்பங்கள் பலவற்றில் மணவீட்டுக்குக் கருப்பு உடுத்திச் செல்வது இன்றும் விரும்பப்படுவதில்லை; தமிழ் முஸ்லிம்களிடையே கருகமணி மணத்துக்கு உரியதாக வழங்குகிறது. செம்பூரிலும் மாட்டுங்காவிலும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்வோர் ஒரே நிறத்தை இவ்வாறு வெவ்வேறாகக் கொள்கின்றனர். வெள்ளை ஒடுக்குவோர் நிறம், கருப்பு ஒடுக்கப்பட்டோர் நிறம் என்னும் படத்தின் பகுப்பு, எல்லார்க்கும் பொதுவான குறித்தொகுதி அன்று. தமிழ்நாட்டு அரசியலில் உருவாகித் தாராவிக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

7. வேட்டியும் லுங்கியும்

7.1. நிறத்தினும் மிகுதியாக மும்பையில் பொருள் பொதிந்தது இடுப்பாடையே. 1966இல் சிவசேனை தோன்றிய பின்னர், 1960களின் இறுதியில் தென்னிந்தியருக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியில், ஊதலை ஊதி லுங்கியை விரட்டு என்னும் பொருள்பட ஒரு முழக்கம் எழுப்பப்பட்டது. மூலத்தில் ‘புங்கி’, ‘லுங்கி’ என்பன இயைபுத்தொடை. அக்காலத்து மாட்டுங்காவில் அலுவலகப் பணியிலிருந்த தமிழரும் மலையாளியரும் வீட்டிலும் கோயிலிலும் உடுத்தியது பெரும்பாலும் வெள்ளை வேட்டியோ முண்டோ ஆகும். எனினும் முழக்கம் லுங்கியையே தெரிந்துகொண்டது; அதற்கு இயைபு ஒரு காரணமாதல் வேண்டும். ஒலி தேர்ந்த சொல், ஒரு மக்கள் தொகுதியின் பெயராகவே நின்றுவிட்டது. உடையால் ஆளைச் சுட்டும் இவ்வாகுபெயர் இந்நகரத்துத் தமிழர் பலருக்கு நெடுநாள் வசைச்சொல்லாக ஒலித்தது.

7.2. தமிழில் இவ்வுடைக்கு ஒரு பெயர் மட்டும் இல்லை. கரையிட்ட வெள்ளைத் துணி வேட்டி. வண்ணமோ கட்டமோ உடையது, பெரும்பாலும் மூட்டப்பட்டது, வட்டாரத்துக்கேற்ப லுங்கி, கைலி, சாரம் எனப்படும். சாரம் என்பது திருநெல்வேலி வழக்கு. டிராம்பேயிலும் தாராவியிலும் இம்மூன்றையும் கேட்கலாம். எச்சொல்லைப் பயன்படுத்துகிறார் என்பதைக் கொண்டே பேசுபவரின் முன்னோர் ஊரை ஓரளவு உய்த்துணரலாம். வேட்டி வெளியிடத்துக்கும் மதிப்புக்கும் உரியது. லுங்கி வீட்டுக்கும் உழைப்புக்கும் ஓய்வுக்கும் உரியது. இந்தியின் ‘தோத்தி’யோ கால்களுக்கிடையே வாங்கிப் பின்னால் செருகப்படுவது, கட்டும் முறையிலேயே வேறானது. வேட்டியைத் தோத்தி என்று பெயர்த்தால் உருவம் மாறுகிறது. லுங்கி என்று பெயர்த்தால் மதிப்பு மாறுகிறது.

7.3. மணிரத்னத்தின் ‘நாயகன்’ (1987) தாராவித் தமிழ்த் தலைவன் ஒருவனின் கதை. முதுமையில் வேலு நாயக்கரின் வெள்ளை வேட்டி சட்டை, தமிழ்நாட்டு ஊர்ப் பெரியவரின் உடை. மதிப்பை நாடிப் பெற்றவரின் உடை. ‘கபாலி’ (2016) என்னும் படத்தில் அதே இரஞ்சித், அதே இரஜினிகாந்துக்குக் கோட்டும் சூட்டும் அணிவித்தார். காந்தி மேலாடையைத் துறந்ததற்கும் அம்பேத்கர் கோட்டு அணிந்ததற்கும் காரணம் உண்டு என அப்படத்தின் நாயகன் உரைக்கிறான். காந்தி அரையாடைக்கு மாறியது 1921 செப்டம்பரில் மதுரையில் என்பது தமிழர் அறிந்த செய்தி. துறக்க உடை உள்ளவன் துறக்கலாம். உடுத்த மறுக்கப்பட்டவனுக்கு உடுத்துவதே எதிர்ப்பு என்பது அக்கூற்றின் கருத்து.

இவ்வரிசையில் வைத்துப் பார்க்கும்போதுதான் ‘காலா’வின் உடை முழுமையாக விளங்குகிறது. இங்கு நாயகன் மதிப்புக்குரிய வெள்ளை வேட்டிக்கும் செல்லவில்லை. அதிகாரத்துக்குரிய கோட்டுக்கும் செல்லவில்லை. வடவரும் தென்னவரும் அணியும் குர்த்தா வகை மேலாடையோடு, வசைக்கு உள்ளான இடுப்பாடையையே கருப்பில் உடுத்து, அரசியல் தலைவன் முன் அமர்கிறான். வசைச்சொல்லை வசைக்கப்பட்டோரே எடுத்துத் தம் பெயராக்கிக்கொள்ளுதல் மொழியியலார் நன்கறிந்த நிகழ்வு. தலித் என்னும் சொல்லின் வரலாற்றிலும், அமெரிக்கக் கருப்பர் தம்மைக் கருப்பர் என்றே அழைத்துக்கொண்டதிலும் இதனோடு ஒப்பத்தக்க போக்கைக் காணலாம். ‘காலா’வில் அதுவே துணியில் நிகழ்கிறது.

8. நீலமும் சிறுத்தையும்

8.1. இறுதிக் காட்சியில் கருப்பு, சிவப்பு, நீலம் ஆகிய பொடிகள் திரையை நிறைக்கின்றன. கரிகாலன் இறந்தானா இல்லையா என்பது ஐயமாகவே விடப்படுகிறது. அவன் உடையில் இருந்த நிறம் உடலை விட்டு ஊர்முழுதும் பரவுகிறது. கருப்பு பெரியார் மரபையும், சிவப்பு பொதுவுடைமையையும், நீலம் அம்பேத்கரையும் சுட்டுவன என்பது பலரும் கூறும் விளக்கம். நாயகனின் ஊர்தி எண்ணில் அமைந்த ‘பி.ஆர்.’ என்னும் எழுத்துகளும் 1956 என்னும் எண்ணும் அம்பேத்கரின் பெயரையும், அவர் பௌத்தம் தழுவி மறைந்த ஆண்டையும் நினைவூட்டுவதாகப் படம் வெளிவரும் முன்பே படிக்கப்பட்டன.

நிறச்சொற்களின் வரலாறும் இங்குத் துணைசெய்கிறது. பெர்லின், கே ஆகியோர் 1969இல் வெளியிட்ட ஆய்வின்படி எல்லா மொழிகளிலும் கருப்பு, வெள்ளை ஆகியவற்றுக்குச் சொல் உண்டு. மூன்றாவதாக வருவது சிவப்பு. நீலம் மிகப் பின்னரே வருவது. தமிழிலும் கருமை, வெண்மை, செம்மை என்பன ஒரே வாய்பாட்டில் அமைந்த பண்புச்சொற்கள். நீலம் அவ்வாய்பாட்டில் அடங்காதது. பழைய வழக்கில் நீலம் கருமையோடு கலந்தும் வந்தது. அரசியல் நிறமாக நீலம் தனித்து நின்றது அம்பேத்கர் இயக்கத்தின் வழியே ஆகும். இரஞ்சித் தம் நிறுவனத்துக்கு ‘நீலம்’ என்று பெயரிட்டதும் இத்தொடர்பில் கருதத்தக்கது.

8.2. மொழிபெயர்ப்பாளர்க்கு ஊக்கந்தரும் எடுத்துக்காட்டு ஒன்றும் இப்பகுதியில் உண்டு. ‘பிளாக் பேந்தர்’ என்னும் படக்கதை நாயகன் 1966இல் தோன்றினான். அதே ஆண்டின் பிற்பகுதியில் அப்பெயருடைய கட்சி அமெரிக்காவில் உருவாயிற்று. அக்கட்சியின் பெயரைத் தழுவி 1972இல் மும்பையில் நாம்தேவ் தசால், ஜ.வி. பவார், ராஜா தாலே முதலியோர் தலித் பேந்தர்ஸ் இயக்கத்தைத் தொடங்கினர். 1982இல் மதுரையில் வேரூன்றிய அதன் தமிழ்க் கிளையினின்று ‘விடுதலைச் சிறுத்தைகள்’ வளர்ந்தது. மராத்தியில் பேந்தர் என்னும் ஆங்கிலச் சொல் அப்படியே நிற்க, தமிழில் அது சிறுத்தை ஆயிற்று. கருப்பு என்னும் அடை இப்பயணத்தில் உதிர்ந்து, தலித் என்றும் விடுதலை என்றும் மாறியது. ஓக்லாந்திலிருந்து மும்பை வழியே மதுரை சேர்ந்த இக்குறி, மூன்று மொழிகளில் மூன்று வடிவம் பெற்றும் தன் எதிர்ப்புப் பொருளை இழக்கவில்லை. பெயர்ப்பு எப்போதும் இழப்பன்று என்பதற்கு இது சான்று.

9. மொழிபெயர்ப்பாளர் கருதவேண்டியவை

மேற்கூறியவற்றிலிருந்து சில நெறிகளைப் பெறலாம். முதலாவதாக, உடை பற்றிய சொல்லைப் பெயர்க்கும் முன் திரையில் உள்ள உடையைப் பார்க்கவேண்டும். திரை காட்டும் உருவத்தைச் சொல் மறுத்துரைக்கலாகாது. லுங்கியைக் காட்டித் தோத்தி என்று எழுதுதல் கூடாது. இரண்டாவதாக, இலக்குமொழியில் அதே சொல் வசையாக வழங்கியிருப்பின் அதனை மென்மைப்படுத்துதல் தகாது. ‘காலா’வில் வசையை நாயகன் ஏற்றுக்கொள்வதே பொருள், வசை மறைந்தால் ஏற்பும் மறைகிறது. மூன்றாவதாக, நிறத்துக்குரிய பொருளை மூலப் படம் எவ்விடத்தில் உரையாடலாகத் தருகிறதோ அவ்விடத்தைச் சுருக்கலாகாது. எழுத்தளவு குறைந்த துணைத்தலைப்பில் இத்தகைய வரிகளே முதலில் வெட்டப்படுகின்றன. ஆனால் படம் முழுதும் வரும் உடைக்கு அவையே அகராதி. நான்காவதாக, இலக்குமொழியினர்க்கு அதே நிறம் வேறு பொருள் தருமாயின் அதனைத் தவறெனக் கொள்ளவேண்டியதில்லை. நாகபுரியின் வெள்ளையை அறிந்த மராத்தியர் ஹரிதேவின் வெள்ளையைப் பார்க்கும்போது, இவ்வெள்ளை யாருடையது என்னும் வினாவை எழுப்பக்கூடும். அவ்வினாவுக்கு இடம் விடுவதே நல்ல பெயர்ப்பு.

10. முடிவுரை

காலா என்னும் பெயர் லகரம் ஒன்றால் சோழனையும் கூற்றுவனையும் நிறத்தையும் இணைக்கிறது. கருப்பு உடை, கருங்கை என்னும் பழந்தொடரின் உழைப்பையும் கருப்புச் சட்டையின் எதிர்ப்பையும் ஒருங்கே ஏற்று, இழிவைப் பெருமையாக மாற்றுகிறது. இடுப்பாடை, ஒரு நகரம் ஒரு மக்கள் மீது எறிந்த சொல்லைத் திருப்பி உடுத்துகிறது. இம்மூன்றும் தமிழருக்கு ஒருங்கே விளங்கலாம். இந்தியிலும் மராத்தியிலும் பகுதி பகுதியாகவே விளங்கும்.

சீட்டா கேம்பில் பிறந்து வளர்ந்த இளைஞர் பலர் வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும், பள்ளியில் மராத்தியும் கொண்டவர்கள். ஒரு கருப்புத் துணியைப் பார்த்து மூன்று மொழியிலும் பொருள் கொள்ள அவர்களால் இயலும். பெயர்ப்பைச் செய்து முடித்தபின் அத்தகைய பார்வையாளர் ஒருவரிடம் அதனைப் படித்துக்காட்டி, திரையில் காண்பதும் காதில் விழுவதும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று கேட்டறிவது, அகராதிகள் தரவியலாத உதவியை மொழிபெயர்ப்பாளருக்குத் தரும்.